ஒற்றைக்கண் தவரத்தினம்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், பேயைத் தவிர. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில், "நீங்கள் கொஞ்சம் பயந்த சுபாவம்தானே அக்கா" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். பயந்த சுபாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. காஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்க பம்பலப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தவள் நான். கடிதம் வந்தால் என்ன செய்தியோ என்று பயம், வராவிட்டால் ஏன் வரவில்லையோ என்று பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால், படித்தவர்களைப் போல இன்னதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கவும் தெரியாது. ஆனால் பேய், ஆவி, செத்தவர் திரும்பி வருவது, இதற்கெல்லாம் பயப்பட எனக்கு நேரமே கிடைத்ததில்லை. உயிரோடு இருக்கிற ஆட்களுக்குப் பயந்து முடிக்கவே பொழுது சரியாகிவிடும். சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான்.

அதனால் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் ஒரு தவக்கைக் கதை கேட்டோம் என்று சிரித்துவிட்டுப் போங்கள். ஓம், தவக்கைதான், தவளையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். மரத்தில், சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே மெலிந்த நீளக்கால் தவக்கை, அது.

நாங்கள் அப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி பரீதா தாத்தா. முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மேலே நானும் இவரும் மட்டும். நான் சாரி பிளவுஸ் தைப்பேன். இவர், பெயர் ராசரத்தினம், ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்ட்டில் வேலை. வருகிற பெட்டி, போகிற பெட்டி எல்லாவற்றையும் திறந்து பார்த்து எழுதுகிற வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவருக்கு மேலே ஐந்து அண்ணன்மார், ஐந்து பேரும் வெளிநாட்டில். குணரத்தினம், ஜெயரத்தினம், தவரத்தினம், யோகரத்தினம், செல்வரத்தினம். கடைசி இரத்தினம் மட்டும்தான் இலங்கையில் மிச்சம் என்று இவர் தானே சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் மழைக்காலத்தில் சாப்பாட்டுக் கேரியரை மூடியபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ராணி, பயப்பிடாதையும்," என்றார். அப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயம் வரும் என்று இவருக்கு எப்போதுமே விளங்கியதில்லை.

மாதக்கணக்காகச் சும்மா கிடந்த ஒரு கொண்டெய்னருக்குள் ஐந்து தவக்கைகள் ஒட்டிக்கொண்டு இருந்தனவாம். மறுநாள் அந்தப் பெட்டி சாமான் ஏற்றிக்கொண்டு டுபாய்க்குப் போக வேண்டியது.

"பாரும், விசா இல்லாமல் டுபாய் போக வெளிக்கிட்டவங்கள். நான் பிடிச்சிட்டன்."

"பிடிச்சால் மரத்தில விட வேண்டியதுதானே! இஞ்ச ஏன் கொண்டுவந்தனீங்கள்?"

"மழை விடட்டும், விடுவம்," என்றார். மழை விட்டது, இவர் விடவில்லை. பாத்ரூமில் விட்ட தவக்கைகள் அந்த ஈரத்தையும் வெள்ளை டைலையும் கண்டு, எங்கள் வீடு இதுதான் என்று ஒட்டிக்கொண்டன. இவர் ஜன்னலுக்கு வலை அடித்தார், மூலையில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்தார். பைப் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், தவக்கைக்குத் தோலாலேதான் தண்ணீர் உள்ளே போகும், அதனால் ஒருநாள் முழுக்க வாளியில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். சவர்க்காரக் கையோடு தொடக் கூடாது. பகலில் வெளிச்சம் போடக் கூடாது, அப்போதுதான் அதுகள் கால் மடக்கிச் சுவரில் பல்லி மிட்டாய் போல ஒட்டிக்கொண்டு நித்திரை. சாப்பாடு, விட்டில், கரப்பான் குஞ்சு, வெட்டுக்கிளி. உயிரோடு இருக்க வேண்டும், அசையாததைத் திரும்பியும் பார்க்காதுகள். பிளவுஸ் தைக்க வந்த பெண்களிடம் எல்லாம், "உங்கட வீட்டில கரப்பான் இருக்கோ?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு தையல்காரியிடம் போனார்கள்.

ஐந்துக்கும் அண்ணன்மாரின் பெயரையே வைத்தார். பெரியது குணம், அகலவாய் ஜெயம், சத்தக்காரன் யோகம், சின்னது செல்வம். மூன்றாவது தவம். தவம் என்று ஒரு தவக்கை என்று சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார். அதற்கு வலது கண் இல்லை. அந்தக் கொண்டெய்னருக்குள் எதிலோ குத்தியிருக்க வேண்டும், கண் இருந்த இடம் வெள்ளையாக, உளுந்து போல இருந்தது. ஒரு பக்கம் தெரியாததாலோ என்னவோ, அதற்கு என்னிடம் பயம் இல்லை. நான் உள்ளே போனால் குதித்து வந்து தோளில், தலையில் எங்கேயாவது இருக்கும். முதல்முறை நான் போட்ட சத்தத்தில் பரீதா தாத்தா உலக்கையோடு மேலே ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தவக்கையா? அல்லாஹ்வே, நான் உங்கட பாத்ரூம் பக்கமே வர மாட்டன் புள்ள," என்று வாசலிலேயே நின்று திரும்பிவிட்டார். ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கச் சொன்னால் ஆக்குவார், தவக்கை என்றால் வாசலோடு சரி.

எனக்கு? ஒரு மாதத்தில் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம் தராத ஒரே உயிர் அந்த ஒற்றைக்கண்ணன்தான். காலையில் அதன் ஈரக் கால் தோளில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று ஒரு நம்பிக்கை.

இனித்தான் விஷயம். எந்தத் தவக்கை எதைத் தின்றது என்று இவர் ஒரு பட்டியல் போட்டார். யார்ட்டில் எழுதிப் பழகிய கை அல்லவா. கோடு போட்ட பெரிய தாளில், இங்கிலீசில், பெரிய எழுத்தில், ஐந்து பெயரையும் முழுப் பெயராக ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மேலே 'சாப்பாடு' என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், சாப்பிட்டால் ஒரு சரி அடையாளம். குசினியில் அடுப்புப் பக்கச் சுவரில் ஒட்டினார். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், ஆனால் பயப்பட வேண்டிய அந்தத் தாளுக்கு மட்டும் பயப்படவில்லை பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூமுக்குப் போனேன். தோளில் ஒன்றும் குதிக்கவில்லை. பார்த்தால் பேசினுக்குப் பக்கத்தில் தவம் மல்லாந்து கிடந்தது. முதல் நாள் நன்றாக இருந்தது, இரண்டு விட்டில் தின்றது. தொட்டேன், அசையவில்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன், ஊதினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கை காலெல்லாம் தோய்த்த துணி போலத் தொங்கியது. உடனே எனக்கு நினைவுக்கு வந்தது, முதல் நாள் நான் வாசல் பக்கம் பினாயில் போட்டுக் கழுவியிருந்தேன். பத்து வாளி ஊற்றித்தான் விட்டேன், ஆனாலும் பினாயில் பினாயில்தானே. நான்தான் கொன்றுவிட்டேன் என்று அப்படியே ஈரத்தில் இருந்துவிட்டேன்.

இவர் இன்னும் எழும்பவில்லை. பிளவுஸ் ஹூக் வருகிற சின்ன மட்டைப் பெட்டியைக் கொட்டி வெறுமையாக்கி, உள்ளே ஒரு வெட்டுத் துணி விரித்து, தவத்தைக் கிடத்தி மூடி, பல்கனியில் கறிவேப்பிலை நின்ற சாடிக்குள் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். பிறகு குசினிக்கு வந்து தாளுக்கு முன்னால் பென்சிலோடு நின்றேன். பெயரை வெட்ட வேண்டும். கை வரவில்லை. எங்கள் ஆட்களில் பெயர் வெட்டுவதென்றால் செத்தவருக்குத்தான், ரேஷன் கூப்பன் மட்டையில் அப்படித்தான் வெட்டுவார்கள். அந்தத் தாளில் இருப்பது தவக்கையின் பெயரா? தவரத்தினம். கனடாவில் உயிரோடு இருக்கிற இவருடைய மூன்றாவது அண்ணன், என் அத்தானின் முழுப்பெயர். அதற்கு மேலே நான் கோடு இழுத்து, அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பென்சிலை வைத்துவிட்டேன். பின்னேரம் இவரிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று தேத்தண்ணீர் ஊற்றினேன்.

ஒன்பது மணியிருக்கும். ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம். வீடு வீடாகச் சோதனை.

அது புதுசில்லை. பொலிஸில் பதிந்த ஆட்பட்டியல் என்று ஒரு ஃபோம் வீட்டில் இருக்கும், அதில் எத்தனை பேரோ வீட்டிலும் அத்தனை பேர் இருக்க வேண்டும், ஒருவர் கூடினாலும் கேள்வி. எங்கள் ஃபோமில் இரண்டு பெயர், வீட்டில் இரண்டு பேர். ஒரு சார்ஜன், கூட இரண்டு பேர். பரீதா தாத்தாவும் சிங்களம் கதைத்து உதவலாம் என்று பின்னால் ஏறி வந்தார். சார்ஜன் வயதான, தொப்பை வைத்த மனிதர், தெரிந்த தமிழில் மரியாதையாகத்தான் பேசினார். ஃபோமைப் பார்த்தார், அடையாள அட்டைகளைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். முடிந்தது என்று நான் மூச்சு விடப் போகையில் குசினிக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றார்.

"இது யாரு?"

ஐந்து ஆண்களின் பெயர். சாப்பாடு என்ற தலைப்பு. ஒவ்வொரு நாளும் சரி.

"அஞ்சு ஆளுக்கு சாப்பாடு குடுக்கிறது. ஃபோம்ல ரெண்டு ஆள். அஞ்சு பேர் எங்க?"

"பாத்ரூமில சேர்," என்றார் இவர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் சொன்னார். வேறு எந்த மனிதனும் அந்த இடத்தில் அப்படி ஒரு பதில் சொல்லியிருக்க மாட்டான். கூட வந்த இரண்டு பேரும் துவக்கைத் தூக்கிவிட்டார்கள்.

"ஐயோ சேர், ஆக்கள் இல்லை, தவக்கை! தவக்கை!" என்று இவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினார். சார்ஜனுக்குத் தவக்கை என்ற சொல் தெரியாது. "தவக்கை" என்று ஒரு இயக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் இறுகியது.

"மாத்தயா, மினிஸ்ஸு நெவெய், கெம்போ!" என்று பரீதா தாத்தா கத்தினார். "மனுசன் இல்லை, தவக்கை என்று செல்லிட்டன், பயப்படாதீங்க," என்று எங்களுக்கும் திரும்பிச் சொன்னார்.

சார்ஜன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சரி. நான் போய்ப் பாக்கிறது. அஞ்சு பேர் எழுதி இருக்கு. அஞ்சு கெம்பா இருந்தா நான் போறது. நாலு இருந்தா, ஐயா என்னோட ஸ்டேஷனுக்கு வாறது."

"அஞ்சும் இருக்கு சேர்! ஒண்டு குறைஞ்சாலும் என்னைக் கொண்டு போங்கோ," என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

அந்த நாட்களில் ஸ்டேஷனுக்குப் போனவர்களில் சிலர் பின்னேரமே வந்தார்கள், சிலர் மாதங்கள் கழித்து வந்தார்கள். "சேர், ஒண்டு இண்டைக்குக் காலமைதான் செத்தது" என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த இடத்தில் அதை விடப் பொய் போல இருக்கிற ஒரு உண்மை உண்டா? அதற்குள் அவர் பாத்ரூமுக்குள் போய்விட்டார். கூட வந்தவர்கள் எங்களை நகரவிடவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து சிங்களத்தில் ஒவ்வொன்றாக எண்ணுகிற சத்தம் கேட்டது.

"எக்காய்... தெக்காய்..." கொஞ்சம் தேடினார். "துனாய்... ஹதராய்..."

நாலு. அவ்வளவுதான். தெகிவளைப் பக்கம் போகிற ரயில் அந்த நேரம் பார்த்துக் கடற்கரையோரம் வந்து வீட்டையே ஆட்டிக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் இவருக்கு எந்தச் சட்டை கொடுத்துவிடுவது, எந்த அண்ணனுக்கு முதலில் அறிவிப்பது என்று யோசிக்கிற வரைக்கும் போய்விட்டேன்.

திடீரென்று உள்ளே ஒரு "ஆ!" அதோடு ஒரு பெரிய சிரிப்பு.

"பஹாய்!" என்றார். அஞ்சு.

வெளியே வந்தார், தொப்பி கையில். தொப்பியின் உச்சியில் ஒரு சின்ன ஈரம், ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு, புதுசாக. அதைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே சிரித்தார். கூட வந்தவர்களுக்கும் சிங்களத்தில் என்னவோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். ஆட்பட்டியல் ஃபோமை வாங்கி, எங்கள் இரண்டு பெயருக்கும் கீழே பென்சிலால் ஒரு கூட்டல் அடையாளமும் ஐந்து என்றும் பகிடிக்கு எழுதி இவரிடம் கொடுத்தார். படியில் இறங்கும்போது திரும்பி,

"அந்த ஒரு கண் இல்லாத ஆள்தான் பாஞ்சது. பயங்கர ஆள்," என்றார்.

"அது தவம் சேர்! அவன் அப்பிடித்தான், பழகினால் விடமாட்டான்," என்று இவருக்கு ஒரே பெருமை.

நான் பாத்ரூமுக்கு ஓடினேன். டைலில் குணம், ஜெயம். கண்ணாடிக்குப் பின்னால் யோகம். வாளியின் கைபிடியில் செல்வம். நாலு. கூரை, மூலை, பேசினுக்கு அடி, வலையின் ஓரம், எல்லாம் பார்த்தேன். நாலு.

"என்ன தேடுறீர்?" என்று இவர் கேட்க, நான் எல்லாவற்றையும் அழுதழுது சொல்லிவிட்டேன். பினாயில், ஹூக் பெட்டி, கறிவேப்பிலைச் சாடி, வெட்டாத பெயர், எல்லாம். இவர் முகம் வெளிறிவிட்டது. பரீதா தாத்தாதான் முதலில் பேசினார். "செத்திராது புள்ள. மயங்கி ஈந்திரிக்கும். மண்ணைக் கிளப்பிட்டு வெளிய வந்திட்டு. தோண்டிப் பாருங்க, பெட்டி வெறுசாத்தான் ஈக்கும்."

எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு ஆசை வந்தது. மூன்று பேரும் பல்கனிக்குப் போனோம், பரீதா தாத்தா பத்தடி தள்ளி நின்றார். மண் நான் அமத்தியபடியே இருந்தது. தோண்டினோம். பெட்டி மூடியபடி. திறந்தோம். வெட்டுத் துணிக்கு மேலே, நான் வைத்தபடியே, தவம். உளுந்து போல வெள்ளைக் கண். விறைத்திருந்தது.

பிறகு இவர் விரலால் அதன் முதுகைத் தடவி, "பினாயில் இல்லை ராணி. அப்பிடியெண்டால் மற்ற நாலும் போயிருக்கும். இவன் கொண்டெய்னருக்குள்ள இருக்கேக்கயே கிழவன், நான் கண்டனான். வயசு போய்ச் செத்திருக்கிறான். நீர் நல்லாத்தான் பாத்தனீர்," என்றார். எனக்கு அந்த நேரம் அந்த வார்த்தைதான் தேவைப்பட்டது. பெட்டியை மூடித் திரும்பவும் புதைத்தோம். இவர் குசினிக்குப் போய் ஒரு விட்டிலைக் கொண்டுவந்து சாடியில் விட்டார், அது பறந்து போய்விட்டது, அதைப் பார்த்து இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தோம்.

அன்றைக்கே காலி வீதிக்குப் போய் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து கனடாவுக்குக் கோல் எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நித்திரைக் குரலில் தவரத்தினம் அத்தானே எடுத்தார்.

"ஆரடா இது இந்த நேரத்தில? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் சுகமோ எண்டு கேக்கத்தான்."

"சுகமோ எண்டு கேக்கவோடா ஆளை எழுப்பினனி! ராணி நல்லா இருக்கிறாவே, இல்லாட்டி அவவின்ர பயம் உனக்கும் தொத்தியிட்டுதோ?" நான் பக்கத்தில் நின்று கேட்டுச் சந்தோசத்தில் மூக்கைச் சிந்தினேன்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். மற்ற நாலையும் அடுத்த மழைக்கு கிருலப்பனைப் பக்கம் ஒரு சிநேகிதரின் குளத்தடியில் கொண்டுபோய் விட்டோம். ஒரு தரம் சந்திச் சோதனைச் சாவடியில் அதே சார்ஜன் நின்றார். என்னை அடையாளம் கண்டு, என் பையைத் திறந்தும் பார்க்காமல், "ஒத்தக் கண்ணர் சுகமா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? "சுகம் சேர்," என்றேன். பயத்தில் சொன்ன பொய்யா அது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். சண்டை முடிந்தும் வருடங்கள் ஆகிவிட்டன. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, ஒரு பெயரும் வெட்டவில்லை. அண்ணன்மாரில் நாலு பேர் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டார்கள். மிச்சம் தவரத்தினம் அத்தான் மட்டும், தொண்ணூறை எட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுத்து என்னைப் பகிடி பண்ணாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

இவர் இந்தக் கதைக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அந்தச் சார்ஜன் நல்ல மனிதர், உள்ளே நாலைத்தான் கண்டார், ஒரு தவக்கைக்காக ஒரு குடும்பத்தை அலைக்கழிக்க மனம் வராமல் ரயில் போகிற நேரம் நின்று யோசித்துவிட்டு அஞ்சு என்று எண்ணிவிட்டார். எனக்கும் அதை நம்பத்தான் விருப்பம், அந்த மனிதரின் முகம் அப்படித்தான் இருந்தது.

ஆனால் தாளில் கண்ணைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இவர் அவரிடம் சொல்லவில்லை, நான் வாயே திறக்கவில்லை. பரீதா தாத்தா பாத்ரூம் பக்கமே வராதவர், தவத்துக்கு ஒரு கண் இல்லையென்று சார்ஜன் சொன்னபோதுதான் அவருக்கே தெரியும். நல்ல மனிதர் ஒருவர் எங்களுக்காக நாலை அஞ்சு என்று எண்ணியிருக்கலாம். ஒரு கண் இல்லையென்று அவருக்கு யார் சொன்னது? தொப்பியில் இருந்த அந்த ஈரம் எங்கேயிருந்து வந்தது?